இன்ஜினை அணைக்கவும்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனுக்குக் கோழிக்கறி கொண்டுவந்த குளிர்சாதன வண்டி, இன்று காலை கேட் வரிசையில் வெகுநேரம் நின்றது.

கேட்டில் ஒரு பலகை உண்டு: 'வரிசையில் இன்ஜினை அணைக்கவும்.' புது டிரைவர் அணைத்துவிட்டார். அந்த வண்டியில் இன்ஜின் நின்றால் குளிரும் நின்றுவிடும்.

கறியைச் சோதிப்பது என் வேலை. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

"செக்யூரிட்டி அக்காதான் ஆஃப் பண்ணச் சொன்னாவ மேடம். எனக்கு இதுதான் மொத லோடு. வேலையவிட்டே தூக்கிருவாவ," என்றார் அந்தத் திருநெல்வேலி டிரைவர்.

"போர்டுல எழுதிக்கீதே, நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் பென்னலூரிலிருந்து வரும் அந்த செக்யூரிட்டி அக்கா.

கெட்ட உணவை யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடக் கூடாதென்று, அதில் பினாயில் ஊற்றவேண்டும் என்பது விதி. ஊற்றினேன்.

அக்கா வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: "வூட்ல புள்ளைங்க கறி கேட்டுகினே கீதுங்கம்மா."

மதியம் கறிக்குப் பதில் தக்காளிச் சாதத்தைப் பார்த்த, ஹாஸ்டலில் தங்கி இங்கே வேலை செய்யும் பெண்கள் கேன்டீனைத் திட்டித் தீர்த்தார்கள்.

மாலையில் அதே வண்டி பால் ஏற்றி வந்தது. ஓட்டிவந்தவர் வேறொருவர். நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் அவரும் பலகையைப் படித்து, இன்ஜினை அணைத்துவிட்டார்.

உங்கள் கேட்டில் என்ன எழுதியிருக்கிறது?