நாலு கட்டை மேலே

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் எங்கள் தேவாலயத்துக்கு ஒரு கீபோர்ட் கிடைத்தபோது, அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசை. ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். சாதாரண தரப் பரீட்சையில் மேலைத்தேய சங்கீதத்துக்கு ஏ சித்தி, அதற்கு மேல் ஒரு தேர்ச்சி கிடையாது. அம்மா அந்தப் பெறுபேற்றுத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார். இயேசு கொஞ்சம் நகர வேண்டியிருந்தது.

அதுவரை எங்கள் ஆராதனையை நடத்தியது ஒரு பென் டிரைவ். சபைச் செயலாளர், தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற கங்காணி. அவர் அதை ஸ்பீக்கரில் செருகுவார், இசை வரும், நாங்கள் பின்னால் ஓடுவோம். அது யாருக்காகவும் நிற்காது. ஒரு பெரிய வெள்ளியன்று அவர் நிறுத்த மறந்ததில், சிலுவைப் பாட்டு முடிந்த கையோடு கிறிஸ்மஸ் பாட்டு தொடங்கிவிட்டது. மூன்று வரி பாடிய பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. அப்படியும் அவருக்கு அதன்மேல்தான் நம்பிக்கை.

“நீ ரெண்டு ஞாயிறு வாசிச்சுக் காட்டு புள்ள. சரிவரலைன்னா கீபோர்ட்டக் கட்டி வச்சிட்டு பழையபடி பென் டிரைவப் போடுவோம். அது பிழை விடாது” என்றார்.

எனக்கு அந்தக் கீபோர்ட் நாற்காலி வேண்டும். கர்த்தருடைய மகிமைக்காக என்று போதகரிடம் சொன்னேன். எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு, ஆராதனைக்கு முன் சிறுவர் வகுப்பு. கீபோர்டில் பாட்டின் சுருதியை, அதாவது கட்டையை, ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. பிள்ளைகளின் குரலுக்காக நாலு கட்டை ஏற்றியிருந்தேன். பிறகு இறக்க மறந்துபோனேன். ஆராதனையின் முதல் பாட்டில், இரண்டாம் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, ஏ சித்தி அல்லவா. ஆனால் பாதியில் நிறுத்தினால் பென் டிரைவ் ஜெயித்துவிடும். தொடர்ந்து வாசித்தேன்.

முதல் சரணத்தில் ஆண்கள் பக்கம் கழுத்துகள் நீண்டன. இரண்டாவதில் குரல்கள் உடைந்தன. மூன்றாவதில் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவர் கங்காணிதான். அவரும் மிதிபட்ட கோழி மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு இருமலில் ஒதுங்கினார்.

பெண்கள் பக்கம் கதை வேறு. கொழுந்து பறிக்கும்போது ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூப்பிட்டுப் பேசுகிற தொண்டைகள் அவை. ஆண்கள் தொடங்கும் கட்டையில் இத்தனை காலமும் முனகிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றுதான் இடம் கிடைத்தது. தகரக் கூரை அதிர்ந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். வழக்கமாக ஆராதனையில் தூங்கும்போதுதான் மூடுவார்.

ஆராதனை முடிந்ததும் கங்காணி வந்தார். “என்னா புள்ள, பாட்டு இம்பூட்டு ஒசரமா போச்சு?”

“நோட்டுல அப்படித்தாங்க எழுதியிருக்கு” என்று தாளை நீட்டினேன். இசைக்குறிப்பை வாசிக்க அங்கே யாருக்கும் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மாவோடு கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா விடவில்லை. “கேட்டுக்கிட்டீங்களா கங்காணி அண்ணே? மலையில எங்கள அதட்டுறப்ப மட்டும் அந்தச் சத்தம் எங்கேருந்து வந்துச்சு?”

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அம்மா இதைப் பரப்பிவிட்டார். “எம் மக படிச்ச படிப்புல அப்படித்தான் இருக்கு.” வாரத்தின் நடுவில் அது வளர்ந்து, பரலோகத்தில் பாடுவதே அந்தக் கட்டையில்தான் என்றாகியிருந்தது. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு வரவில்லை. தோட்ட ஆபீஸில் நீட்டிய எத்தனையோ தாள்களில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அம்மா பெருவிரல் வைத்திருக்கிறார். அந்த வரிசையில் இப்போது நானும் ஒரு தாளை நீட்டியிருக்கிறேன்.

இரண்டாம் ஞாயிறு ஆண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர்கள் போல வாயை இறுக்கி நின்றார்கள். கங்காணியின் சட்டைப் பையில் பென் டிரைவ் இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

“போன வாரம் நான் சொன்னது பொய். நோட்டுல அப்படி இல்ல. பொத்தான எறக்க மறந்துட்டேன்.”

“அப்ப நோட்டுல இருக்கிறது நம்ம கட்டைதானா?” என்றார் கங்காணி.

“ஆமாங்க. நீங்க பாடுறதுதான்.”

அவர் கை பைக்குள் போனது. அதற்குள் அம்மா எழுந்துவிட்டார். “நோட்டுல இருந்தா என்னா, இல்லாட்டி என்னா? எங்களுக்கு இப்பத்தான் தொண்ட தொறந்திருக்கு. இனி நாங்க கீழ எறங்க மாட்டோம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “பொய் சொன்னதுக்கு வீட்டுல வச்சுக்கிறேன் ஒன்னய” என்றார்.

“அப்ப ஆம்பளைங்க சும்மா நிக்கிறதா?” என்றார் கங்காணி.

“ஏன் நிக்கணும்? ஒரு சரணம் நாங்க, ஒரு சரணம் நீங்க. புள்ள பொத்தான ஏத்தி ஏத்தி எறக்கட்டும்” என்றார் அந்த அக்கா. “ஒங்க பென் டிரைவு எறக்குமா அண்ணே?”

போதகர் ஆமென் சொல்லிவிட்டார். பரிசுத்த ஆவியின் ஏவுதலா, பதுளை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று தெரியாது.

நாற்காலி எனக்குக் கிடைத்தது, வீட்டில் அம்மாவிடம் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன். ஆண்கள் இப்போது தங்கள் சரணத்தில் தோற்கக் கூடாது என்றே பாடுகிறார்கள். போட்டிக்குப் பாடுவதும் துதிதானா என்று போதகர் கவலைப்படுகிறார். பென் டிரைவுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடியது துதி என்றால் இதுவும் துதிதான்.

பாட்டுகளைத் தேர்வது நான். பெரும்பாலும் ஐந்து சரணம் உள்ளவைதான். பெண்கள்தான் தொடங்குவார்கள், அவர்கள்தான் முடிப்பார்கள். கங்காணிக்கு இது பிடிபடச் சில மாதங்கள் ஆயின. போன ஞாயிறு கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டார்.

“ஏன் புள்ள, ஆறு சரணத்துல ஒரு பாட்டும் இல்லியா?”

“இருக்குங்க. எடுக்க மாட்டேன்” என்றேன்.