இன்னும் நாலு நிமிசம் இருக்கு

வெள்ளிக்கிழமை காலை மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கீழவைப்பாரிலிருந்து மிக்கேல் அண்ணாச்சியின் மகள் போனில் கூப்பிட்டாள். "அக்கா, அப்பா போயிட்டாங்க" என்றாள். கையிலிருந்த சாளையைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், லீவு நாளில் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டியவர் என்பதெல்லாம் அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

அப்போது நான் இறால் உரிக்கும் கம்பெனியில் இருந்தேன். நாள் முழுக்க நின்றே உரிக்க வேண்டும். உட்கார ஸ்டூல் கேட்ட மூன்று பேரை வெளியே அனுப்பினார்கள். அதில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் மறுநாள் வேலைக்குப் போவதா, எங்களோடு வாசலில் நிற்பதா என்று அன்று சாயங்காலம் கூடிப் பேச வேண்டும். அதற்கு முன்னால் ஒரு படம் காட்டுகிறேன் என்றார் அண்ணாச்சி. மாதா கோயில் மண்டபத்து ஜன்னல்களைப் படகுப் பாயால் மூடி, மத்தியானமே ஓட்டினார்.

பழைய வெளிநாட்டுப் படம். கொடுங்கோல் அரசை எதிர்த்து ரகசியமாக நோட்டீஸ் அச்சடிக்கும் ஐந்து பேரின் கதை. பாஷை புரியாத எங்களுக்கு அண்ணாச்சிதான் பக்கத்தில் நின்று நம் பேச்சில் சொல்லிக்கொண்டு வந்தார். "இவன் சரியான பயந்தாங்கொள்ளி, பாத்துக்கிடுங்க" என்று அதில் ஒருவனைக் காட்டினார். கடைசியில் அந்த ஐவரின் தலைவனைத் தூக்கில் போட்டார்கள். உடனே முன்வரிசையில் இருந்த, எங்களோடு இறால் உரிக்கும் செபஸ்தி எழுந்து சிலுவை போட்டு, மரித்தோருக்கான செபத்தைத் தொடங்கிவிட்டாள். நம் கடற்கரையில் சாவு திரையில் நடந்தால் என்ன, தெருவில் நடந்தால் என்ன? மண்டபமே எழுந்தது. அண்ணாச்சியும் மெஷினை நிறுத்திவிட்டுக் கைகூப்பினார்.

செபம் முடிந்ததும், படமும் முடிந்தது என்று எல்லோரும் கிளம்பினார்கள். "முன்னால நின்னவன் கதி இதாம்ளா" என்றாள் செபஸ்தி. நல்லது செய்கிறேன் என்று இந்த மனுஷன் எங்களுக்குக் குழி தோண்டிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அண்ணாச்சி ஓடிப்போய் வாசலை மறித்தார். "ஏளா, நில்லுங்க. தப்பு எம்மேல. செபத்துக்கு நிப்பாட்டுனவன் திரும்பப் போட மறந்துட்டேன். இன்னும் நாலு நிமிசம் இருக்கு."

"அதான் செத்துட்டானே" என்றாள் செபஸ்தி.

"இத்தோட போனா, தூக்குல போட்டவன் சொல்லுத கதையைத்தான் பாத்துட்டுப் போறீங்க."

முனகிக்கொண்டே திரும்பினார்கள். அந்த நாலு நிமிஷமும் அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. பூட்டிக் கிடந்த அச்சகத்துக்குள் அந்தப் பயந்தாங்கொள்ளி தனியாக வருகிறான். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மை தடவி ஒரு தாளை அடிக்கிறான். அடுத்த தாளை எடுத்துக் கொடுக்க இன்னொரு கை நீளுகிறது. அவ்வளவுதான் படம்.

சாயங்காலம் கூட்டத்தில் முதலில் எழுந்தவள் செபஸ்திதான். "பயமாத்தான் இருக்கு. ஆனா இவளுக மூணு பேரும் இல்லாம நான் உள்ள போகமாட்டேன்" என்றாள். மறுநாள் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. ஒன்பதாம் நாள் எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். ஸ்டூல் வரிசையாகப் போட்டுக் கிடந்தது.

கலைந்து போகிறவர்கள் முன்னால் போய் நின்று, தன் தப்பைச் சொல்லித் திரும்பக் கூப்பிடும் அந்தத் துணிச்சலைத்தான் அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். இப்போது அதற்கு வேலை வந்திருக்கிறது. போன வாரம் பக்கத்துக் கம்பெனியில் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெண்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நமக்கென்ன என்று நம் ஊர்க்காரிகள் வேலைக்குப் போகிறார்கள். நானும் இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த வாசலில் நிற்பேன். அண்ணாச்சியைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.