கைகளுக்கு இருபத்து நான்கு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் தங்கையைப் பற்றி நான் எழுதுவதை அப்படி எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தச்சு வேலை செய்கிறேன். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும், சொன்ன பேச்சைத்தான் கேட்கமாட்டாள். நாங்கள் பேசிக்கொள்வது கைகளால். இங்கே அதை வாய்ப்பேச்சாக எழுதியிருக்கிறேன்.

அவள் கார்ட்டூன் படங்களுக்குக் கையால் வரைகிறவள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் தாளின் மேல் தாள் வைத்து, முந்தைய படத்திலிருந்து மயிரிழை நகர்த்தி அடுத்ததை வரைய வேண்டும். பதினோரு வருடமாக அந்த வேலை. ஒரு கவுன் காற்றில் அசைவதை அவளைப் போல வரைய அவள் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் ஆள் கிடையாது. இருந்தும் வேகம் போதாது என்று எல்லோரும் அவளை நத்தை என்றே கூப்பிடுவார்கள்.

அந்த நத்தையை நம்பித்தான் முதலாளி முதன்முறையாக ஒரு முழுப் படத்தைக் கொடுத்தார். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு நான்கு நிமிடப் படம். அதில் ஒரு சிறுமி சைகையிலேயே கதை சொல்வாள். திரையில் ஒரு செகண்டுக்கு இருபத்து நான்கு ஓவியங்கள் ஓடும். ஒரே ஓவியத்தை இரண்டு முறை காட்டினால் பன்னிரண்டு வரைந்தால் போதும், கண் ஏமாந்துவிடும். ஊரெல்லாம் செய்வதுதானே என்று அவளும் அப்படியே முதல் நிமிடத்தை முடித்து என்னிடம் போட்டுக் காட்டினாள்.

"அழகா இருக்கா. ஆனா பாவம், பேச்சு திக்குது," என்றேன்.

முறைத்தாள். "யாருக்குத் திக்குது?"

"நீ வரைஞ்ச பொண்ணுக்குத்தான். விரல் இங்க இருக்கு, அப்புறம் அங்க இருக்கு. நடுவுல எங்க போச்சுன்னே தெரியல. எனக்கே பாதி புரியல, சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன புரியும்?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முதலாளியிடம் போய், எல்லாவற்றையும் இருபத்து நான்காக வரைய வேண்டும் என்று நின்றிருக்கிறாள். ஐந்தே வாரம்தான் இருக்கிறது என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்து பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் பேசறப்ப நீ எதைப் பாப்பே?"

"முகத்தையும் கையையும்தான்."

"என் சட்டைய?"

"என்ன நிறம்னு கேட்டாக்கூடத் தெரியாது."

மறுநாள் முடிவு செய்துவிட்டாள். கைக்கும் முகத்துக்கும் இருபத்து நான்கு. உடம்பு, முடி, கவுன் எல்லாம் தனித் தாளில், செகண்டுக்கு வெறும் ஆறு.

"கவுன் மரக்கட்டை மாதிரி நிக்குமே, உன் பேரு என்னம்மா ஆகும்?" என்றாராம் முதலாளி.

"நிக்கட்டும் சார். கவுனா கதை சொல்லப்போகுது?" என்றாளாம்.

எதனால் பேர் வாங்கினாளோ அதையே தூக்கிப் போட்டாள். இவள் என் தங்கை என்று நான் நெஞ்சை நிமிர்த்தியது அப்போதுதான். ஐந்து வாரமும் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வரைந்தாள்.

பள்ளியில் படம் போட்ட அன்று நானும் போனேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை; பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக் கதையில் படத்துச் சிறுமி நிறுத்தி, "என் பூனையக் காணோம். நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

முன்வரிசையில் ஒரு குழந்தை கையைத் தூக்கியது. "கட்டிலுக்கு அடியில இருக்கு." உடனே அறை முழுக்கக் கைகள் எழுந்தன. அங்கதான். கட்டிலுக்கு அடியில. குனிஞ்சு பாரு.

நான் திரும்பி அவளிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். அவளோ என் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேச விடவில்லை.