இலையும் மோரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எங்கள் சொந்தத்தில் இது ஒரு சிரிப்புக் கதை. கல்யாணப் பந்தியில் மோர் வரும்போது யாராவது என்னைக் காட்டி ஆரம்பிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு இலையை மூடுவேன். அந்தக் கதையில் வருகிற என் அத்தை போன தை மாதம் பிரான்சில் காலமாகிவிட்டாள். மயிலம் முருகன் முன்னால் நின்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்துதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. அப்பா மில் தொழிலாளி. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அத்தை சைகோனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், மாமாவிடம் பிரெஞ்சுதான். அந்த வருஷம் இருவரும் பிரான்சிலிருந்து பாண்டிச்சேரி வந்து, கடற்கரை ரோட்டில் வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய ஓட்டலில் தங்கினார்கள். அவர்கள் பையன் வரவில்லை. கேட்டதற்கு, "அங்க படிக்கிறான்" என்றாள் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அத்தகூட ரெண்டு நாள் இருந்துட்டு வாடா" என்றாள். அண்ணனை அனுப்பவில்லை, தங்கையை அனுப்பவில்லை. என்னை மட்டும்.

அந்த அறையின் கதவு எங்கள் வீட்டுக் கூரையைவிட உயரம். கட்டிலில் உட்கார்ந்தால் உள்ளே இழுத்தது. வெளியே கடல் கருங்கல்லில் மோதும்போதெல்லாம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அத்தை ஒரு பெட்டியைத் திறந்து சட்டை, நிக்கர், பூட்ஸ் எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள். எல்லாம் என் அளவு. சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். பூட்ஸுக்குள் காலை விட்டால், யாருடைய விரல்களோ ஏற்கெனவே அழுத்திய பள்ளம் என் விரலுக்குத் தட்டுப்பட்டது. அத்தை என்னை ஜன்னலோரம் நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தாள். தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள்.

மத்தியானம் தூங்குவதுபோல் படுத்து, வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா ஏதோ கெஞ்சினார். அத்தை தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். திரும்பத் திரும்ப ஒரே பேச்சு. "இலே மோர்... இலே மோர்..."

பீங்கான் தட்டும் முள்கரண்டியுமாக இருக்கிற இடத்தில், பாவம், அத்தைக்கு இலைச் சாப்பாடும் மோரும் வேண்டியிருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தால் மனசு இளகி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். முருகன்தான் வழி காட்டினான் என்று நினைத்தேன்.

மாமா குளிக்கப் போனதும், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தைக்குத் தெரியாமல் நழுவிக் கீழே ஓடினேன். சாப்பாடு பரிமாறுகிறவர் முத்தியால்பேட்டைக்காரர்.

"இன்னா தம்பி, இங்க ஏது இலை? வெள்ளக்காரனுக்கு இலைய போட்டா அதையும் சேத்துத் தின்னுடுவான்" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். சமையல்காரர்களுக்கென்று வைத்திருந்த மோரில் ஒரு டம்ளரும், பின்பக்க வாழையில் ஒரு துண்டு இலையும் கொடுத்தார்.

அத்தை முன்னால் இலையைப் போட்டு மோரை வைத்தேன்.

"நீங்க கேட்ட இலை, மோர் கொண்டாந்துட்டேன் அத்தே. என்னை எங்கம்மாகிட்ட வுட்டுடுங்க."

ஈரத் தலையோடு வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். அத்தைக்குப் புரியவில்லை. மாமா மெல்ல பிரெஞ்சில் சொன்னதும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரை எடுத்து ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கீழே உட்கார்ந்து என் பூட்ஸைக் கழற்றினாள்.

பொழுது சாய்வதற்குள் மாமா என்னை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து விட்டார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொடியில் என் துணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மடித்து ஒரு பையில் இருந்தது. துவைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை பையன் அதற்கு முந்தின வருஷமே ஜுரத்தில் போய்விட்டான் என்பதை, நான் பெரியவனான பிறகு அம்மா சொன்னாள். அதற்கும் வெகுகாலம் கழித்து, எங்கள் தெருவில் ஒரு பழைய சொல்தா இறந்த அன்று, அவர் மகன் பிரான்சுக்குப் போன் போட்டு பிரெஞ்சில் "இலே மோர்" என்றான். பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். "செத்துட்டாருன்னு சொல்றான்" என்றார்.

படிக்கிறவர்கள் இதை யாருக்காவது சொல்வதானால், இலையோடும் மோரோடும் நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பூட்ஸுக்குள் இருந்த விரல் பள்ளத்தையும் சேர்த்து, இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள்.