பதில் கொடி

கீரமங்கலத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மகனைக் கப்பற்படைக்கு அனுப்பப்போகிறேன் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. மீன் வாங்குவதைத் தவிர எங்களுக்கும் கடலுக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் கிடையாது. அப்பா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோட்டைப்பட்டினத்துப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், பையன்களுக்குக் கடற்படைப் பயிற்சியோடு பாடமும் சொல்லித்தரும் விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. ஆறாம் வகுப்பில் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வட்டத் தொப்பி. நான் தொப்பியைப் போட்டுக்கொண்டதும் அப்பா என்னைவிட அதிகமாக நிமிர்ந்து நின்றார்.

அங்கே கற்றதில் எனக்குப் பிடித்தது கொடிச் சைகை. இரண்டு கையிலும் கொடி பிடித்து, கையின் நிலையை மாற்றி மாற்றி ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். கப்பலுக்குக் கப்பல் இப்படிப் பேசிக்கொள்வார்களாம். ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முந்தைய கார்த்திகையில் அடித்த புயலில் எங்கள் தென்னை மொத்தமும் விழுந்துவிட்டது. மரம் நின்ற காலத்தில் தோப்பின் ஒரு கோடியில் நிற்பவரை மறுகோடியில் இருந்து பார்க்க முடியாது. இப்போது தாராளமாகத் தெரிந்தது. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் கொடி செய்தோம். வெளிநாட்டு வேலைக்காக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அப்பாவுக்கும் பொழுது போக வேண்டியிருந்தது.

எவ்வளவு மல்லுக்கட்டியும் ஐந்தே எழுத்துதான் அவருக்குப் படிந்தது. வி, ஏ, ஆர், ஈ, என். வாரேன். ஊருக்குப் புறப்படும்போது சொல்லிக்கொள்கிற வாரேன். அதில் ஆர் எழுத்துக்கு இரண்டு கையையும் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். கொஞ்சமும் இறங்கக் கூடாது. வாத்தியார் ஆகிவிட்ட மிதப்பில் நான் அவர் முழங்கையைத் தட்டித் தட்டி நேராக்கினேன். விதியையும் சொன்னேன். வார்த்தை கிடைத்துவிட்டது என்பதற்கு எதிரில் இருப்பவன் வலது கையைச் சாய்வாக மேலே தூக்குவான். அது வரும்வரை அனுப்புகிறவன் நிறுத்தக் கூடாது.

"பதிலே வரலைன்னா?" என்றார்.

"வர்ற வரைக்கும் காட்டிக்கிட்டே இருக்கணும்ப்பா."

"ஒங்கம்மா என்னையச் சோத்துக்குக் கூப்புடுற மாதிரின்னு சொல்லு," என்று சிரித்தார்.

எட்டாம் வகுப்புத் தொடங்கி ஆனி மாதம். எங்கள் பள்ளியில் வீட்டார் வந்து பார்க்க மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான். போன் கிடையாது. அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த வாரம் வரவிருந்த கடற்படை அதிகாரி ஒருவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க, மைதானத்தில் ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார் பயிற்சியாளர். அசைகிறவனுக்குப் பின்வரிசைதான் என்று சொல்லியிருந்தார். எட்டாம் வகுப்பிலிருந்து முன்வரிசையில் நிறுத்தியது என் ஒருவனைத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் கம்பி வேலிக்கு அப்பால், சாலையோரத்தில் அப்பாவைப் பார்த்தேன். ஒரு கையில் தோள்துண்டு, மறு கையில் வெறும் மஞ்சள் பை. வி, ஏ, ஆர், ஈ, என்.

விசா வந்துவிட்டது. மறுநாள் திருச்சியில் விமானம். மாதத்தின் அந்த ஒரு ஞாயிறு தவிர மற்ற நாளில் உள்ளே விட முடியாது என்று வாசல் காவலாளி கையை விரித்துவிட்டார். இதெல்லாம் பின்னால் அம்மா சொன்னது. ஆனால் அந்த ஐந்து எழுத்தைப் பார்த்ததுமே அப்பா புறப்பட்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் பொய்.

நான் கையைத் தூக்கவில்லை. அவர் சற்று நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கினார். நடுவில் பயிற்சியாளர் 'ஆராம் ஸே' என்று குரல் கொடுத்தார். கைகாலைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று அர்த்தம். பக்கத்துப் பையன் நிம்மதியாக மூக்கைச் சொறிந்துகொண்டான். நான் அதற்கும் அசையவில்லை. அணி கலையட்டும், ஓடிப்போய் ஒன்றுக்கு நாலாகக் காட்டிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா பதினெட்டு முறை காட்டினார். முதலில் ஆர் ஒழுங்காகத்தான் இருந்தது. போகப் போகக் கை கீழே இறங்கி, கடைசியில் அது ஆர் எழுத்தாகவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தும் மறந்துவிட்டாரே இந்த மனுஷன் என்று. பிறகு அறந்தாங்கி பஸ் வந்து நின்றது. அது நகர்ந்தபோது வேலிக்கு அப்பால் யாரும் இல்லை.

மதியம் காவலாளி ஒரு டிபன் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா வாசலில் விட்டுப்போன பலாச்சுளை. அறைப் பையன்களோடு சேர்ந்து தின்றேன். முன்வரிசையும் கிடைத்தது. வந்த அதிகாரி எங்களை மூன்று நிமிடத்தில் கடந்து போனார். என் முகத்தை அவர் பார்த்ததாகக்கூட நினைவில்லை.

அப்பா நாலு வருடம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் எனக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கப்பற்படைக் கனவு அதோடு போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. வந்த அன்று சாயங்காலம் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். "அப்பவே ஒனக்குத் தூரத்துல தெரிஞ்சிருக்காதுடா தம்பி. அது தெரியாம நான் பாட்டுக்கு ரோட்டுல நின்னு ஆட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"ஆமாப்பா," என்றேன்.

கை தூக்காததையாவது சின்னப் பையன் புத்தி என்று தள்ளிவிடலாம். இந்த 'ஆமா' சொல்லும்போது எனக்குப் பதினேழு வயது. இன்றுவரை அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவன், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு ஈரத் துண்டைக் கையில் பிடித்து வாரேன் என்று காட்டிப் பார்த்தேன். மறுபடி, மறுபடி. பத்தாவது முறை ஆர் காட்டும்போது கை தானாக இறங்கியது. அன்றைக்கு முன்வரிசையில் நின்ற அந்தப் பையன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துப் பிழைதான். எனக்கு எழுத்து மறந்துபோகவில்லை. தோள் வலித்தது.