வாலில் சுற்றிய விசிறி

பென்னலூரில் கோதண்டத்துக்கு இருந்த குரல் யாருக்கும் கிடையாது. பயிர் வைத்த காலத்தில் அவர் ஏரிக்கரையில் நின்று கூப்பிட்டால், வீட்டில் மனைவி கனகம் சோறு போட இலையை எடுப்பாள். நிலம் கம்பெனிக்குப் போனபின் அங்கேயே வாட்ச்மேன் ஆனார். அந்தக் குரலுக்காகத்தான் எடுத்தார்கள் என்று ஊரில் பேச்சு.

தொண்ணூற்றொன்று தை மாதம் பூமி பூஜை. முதலாளி ஹெலிகாப்டரில் வருகிறார்.

"மேல சுத்துறது கண்ணுக்குத் தெரியும்பா. வால்ல சின்னதா ஒண்ணு சுத்தும், அது தெரியாது. ஆளையே வெட்டிடும். எல்லாம் நிக்கிறவரைக்கும் ஒருத்தரையும் கயிறு தாண்ட விடாதே" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

கோதண்டம் புழுதிக்குத் தண்ணீர் தெளித்தார், கயிறு கட்டினார். கயிற்றோரம் ஆரத்தித் தட்டோடு நின்றாள் கனகம்.

"விசிறி நின்னாத்தான் வரணும், இன்னா?" என்றார் அவளிடம்.

"வந்தவுங்க கால் தரையில படறதுக்குள்ள சுத்தணும்யா. அப்புறம் இன்னாத்துக்கு ஆரத்தி?"

ஹெலிகாப்டர் இறங்கியது. காற்றில் பந்தல் கீற்று பிய்ந்து பறந்தது. தெளித்த தண்ணீரையும் மீறிப் புழுதி எழும்ப, ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கோதண்டம் கண்ணைத் திறந்தபோது கனகம் கயிற்றுக்கு உள்ளே இருந்தாள். கதவு அசைந்ததைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. புது வண்டி வந்தால் ஊரில் வலம் வருவார்களே, அதே பழக்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வால்பக்கம் நடந்தாள்.

"கனகம்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். அவர் காதுக்கே கேட்கவில்லை. பின்னால் ஓடிப் பிடிக்கவும் நேரமில்லை. வல்லக்கோட்டை முருகனை நினைத்துக்கொண்டு, அவள் கண்ணில் படும்படி பக்கவாட்டில் ஓடி, நெஞ்சைப் பிடித்தபடி தடாலென்று மண்ணில் விழுந்தார்.

கனகம் திரும்பினாள். தட்டு கைநழுவியது. அதிலிருந்த வெற்றிலை காற்றோடு வால்பக்கம் போனது. போன இடத்தில் பச்சைத் தூள்தான் பறந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு அவரிடம் ஓடிவந்தாள்.

"இன்னாய்யா ஆச்சு? மார் வலிக்குதா?"

கோதண்டம் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாலைக் காட்டினார். இரைச்சல் அடங்க அடங்க, ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில் இரண்டு இரும்புத் தகடுகள் தெரிய ஆரம்பித்தன.

"அங்கியா போனேன் நானு?"

"அங்கதான் மே."

முதலாளி ஆரத்தி இல்லாமலே இறங்கி நடந்தார். மேனேஜர் கோதண்டத்தைக் கைதட்டிக் கூப்பிட்டார். கோதண்டம் முதலில் கனகத்தைக் கயிற்றுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்.