ஹிந்தாவுக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்

போருக்கு முன் ஹிந்தா வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களைப் படியெடுத்தவள். வார்சா யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்த பிறகும் அதே வேலைதான், ஜெர்மானியருக்குத் தெரியாமல். வெளியூரிலிருந்து தப்பி வருகிறவர்கள் கண்டதைச் சொல்லச் சொல்ல எழுதுவாள். மூன்று படி எடுத்து, அவற்றைச் சேர்த்துவைக்கும் லெய்சரிடம் கொடுப்பாள். போருக்குப் பிறகு உலகம் படிக்கட்டும் என்று அவர் தகரப் பெட்டியில் வைத்து எங்கோ புதைப்பார். எங்கே என்று அவள் கேட்டதில்லை. அடி விழுந்தால் சொல்லிவிடுவோமே என்ற பயம்.

"நீ கல்நெஞ்சுக்காரிம்மா. நானா இருந்தா பாதியிலயே மூக்கைச் சிந்திட்டு உக்காந்துடுவேன்" என்பார் லெய்சர்.

மார்ச் மாதம் ஒரு மதியம், தச்சன் ஷாயா வந்து உட்கார்ந்தான். அவன் ஊர், அவள் தங்கை குட்ஷா வாழ்க்கைப்பட்ட ஊர். ஹிந்தா அதைச் சொல்லவில்லை. சாட்சிக்கு எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி.

"என்னைக் குழி தோண்ட நிறுத்தினாங்கக்கா. ஊர்ச் சனத்தை லாரியில கொண்டுவந்து இறக்கினாங்க. ரொட்டிக்கடைக்காரர் பெஞ்சாதி கடைசிப் பிள்ளைய என் பக்கம் நீட்டுச்சு. நான் கை நீட்டல. ஒருத்தரும் மிஞ்சல. மண்ணு தள்ளுனதும் நான்தான்."

அந்த ஊரில் ஒரே ரொட்டிக்கடை. குட்ஷாவின் புருஷனுடையது.

"என்னிக்கு?" என்றாள். எல்லாச் சாட்சியிடமும் கேட்கிற கேள்விதான்.

"மரங்களோட புத்தாண்டுக்கு மறுநாள்."

அந்த யூதப் பண்டிகையிலிருந்து எண்ணிப் பார்த்தாள். முப்பத்து நான்கு நாள். யூத முறைப்படி, கூடப்பிறந்தவள் சாவு முப்பது நாளுக்குள் தெரிந்தால் ஏழு நாள் துக்கம். அதற்குமேல் தெரிந்தால் ஒரு மணி நேரம். தங்கை பிள்ளைகளுக்கு அதுகூடக் கிடையாது.

ஷாயாவைச் சூப்புக் குடிக்க அனுப்பிவிட்டு, துக்கம் காக்கிறவர்கள்போல் காலணியைக் கழற்றித் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? சாயங்காலம் பெட்டி போகணும்" என்று வந்த லெய்சர், விஷயம் தெரிந்ததும் நிலைகுலைந்தார். "பெட்டி கெடக்கட்டும். நீ ஏழு நாள் உக்காரு."

"நாலு நாள் பிந்திடுச்சுங்க" என்றாள். அழக்கூட வரவில்லை. ஒரு மணி ஆனதும் எழுந்து பேனாவை எடுத்தாள்.

"குட்ஷான்னு பேரையாவது போட்டுடும்மா. யாரு கேக்கப் போறா?"

"அவன் சொல்லலையே."

மூன்று படியிலும் ரொட்டிக்கடைக்காரர் மனைவி என்றே எழுதினாள்.